குடும்பக் கடனை அடைப்பது எப்படி? ஒரு காஞ்சி நெசவாளர் வீட்டுக் கணக்கு

கடன் இல்லாத வீடு இன்று அரிது. திருமணம், பிரசவம், அறுவை சிகிச்சை, வீட்டுக்குக் கூரை, பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கடன் வந்து சேர்கிறது. வாங்கிய கடன் எவ்வளவு என்று குடும்பத் தலைவரைக் கேட்டால் ஒரு தொகை சொல்வார். மனைவியைக் கேட்டால் வேறொரு தொகை சொல்வார். இரண்டையும் கூட்டினாலும் உண்மைத் தொகை வராது. கடனை அடைக்க முடியாமல் போவதற்கு வருமானக் குறைவு ஒரு காரணம். எந்தக் கடன் நம்மிடம் எவ்வளவு தின்கிறது என்று தெரியாமல் இருப்பது அதைவிடப் பெரிய காரணம்.

இதைப் புரிந்துகொள்ளக் காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீட்டுக் கணக்கை எடுத்துக்கொள்வோம். நம் சமுதாயத்தில் தறி நெய்பவர்கள் குறைவு. ஆனால் பீடி சுற்றும் வீட்டிலும், தோல் பதனிடும் தொழிலாளி வீட்டிலும், தையற்காரர் வீட்டிலும் இதே கணக்குதான் ஓடுகிறது.

தறி வீட்டின் வருமானம்

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் பாலுசெட்டி சத்திரத்தை ஒட்டி இருக்கிறது திருப்புட்குழி. விஜயராகவப் பெருமாள் கோயிலால் பெயர் பெற்ற ஊர். காஞ்சி நகரத்திலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பட்டு நெசவு தலைமுறைத் தொழில். நெசவாளர் பெரும்பாலும் சொந்தமாகச் சேலை விற்பவர் அல்லர். பாவு, ஊடை, ஜரிகை ஆகியவற்றைக் கூட்டுறவுச் சங்கமோ தனியார் முதலாளியோ தருவார்கள். நெய்து கொடுத்தால் கூலி. ஒரு சேலைக்கு வேலைப்பாட்டைப் பொறுத்துப் பத்து நாளும் ஆகும், அதற்கு மேலும் ஆகும். தறியில் உட்காருபவர் ஒருவர் என்றாலும் கோர்வை போட, தார் சுற்ற வீட்டார் அனைவரின் உழைப்பும் அந்தக் கூலிக்குள் அடங்கும்.

இந்த வருமானம் மாதாமாதம் ஒரே அளவில் வராது. முகூர்த்த மாதங்களில் வேலை இருக்கும். ஆடியிலும் மார்கழியிலும் குறையும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குழித்தறியில் ஈரம் ஏறும், தெருவில் பாவு போட முடியாது, வேலை நின்றே போகும். ஆனால் அரிசியும் பால் பாக்கெட்டும் பள்ளிக் கட்டணமும் மழைக்காக நிற்பதில்லை. அந்த இடைவெளியில்தான் கடன் உள்ளே நுழைகிறது.

வட்டி என்ற பெயரில்லாத கடன்: தறி முன்பணம்

நெசவாளருக்கு முதலில் கிடைக்கும் கடன் முதலாளி தரும் முன்பணம். இதற்கு வட்டி கிடையாது என்பார்கள். அதனால் இது நல்ல கடன் என்று பலரும் நம்புகிறார்கள். இந்த இடத்தில் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

முன்பணம் வாங்கியவர் அதை முழுவதும் திருப்பித் தரும்வரை வேறு முதலாளியிடம் போக முடியாது. கூலியைக் கூட்டிக் கேட்கவும் முடியாது. உதாரணத்துக்கு, முன்பணம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முன்பணம் இல்லாதவருக்குக் கிடைக்கும் கூலியைவிட இவருக்குச் சேலைக்கு 500 ரூபாய் குறைவு. மாதம் இரண்டு சேலை என்றால் 1,000 ரூபாய், வருடத்துக்கு 12,000 ரூபாய். 40,000 ரூபாய்க்கு 12,000 ரூபாய் என்பது வருடத்துக்கு 30 சதவீதம். வட்டி என்ற சொல் எங்கும் வரவில்லை, பணம் மட்டும் போய்க்கொண்டிருக்கிறது. அசலிலும் ஒரு ரூபாய் குறையவில்லை.

கடன் கொடுத்தவர் அந்தக் கடனைக் காரணமாக வைத்து வேறோர் ஆதாயம் அடைந்தால் அதுவும் வட்டியின் வகையில் சேரும் என்பது மார்க்க அறிஞர்கள் தரும் விளக்கம். ஆகவே "வட்டியில்லை" என்ற சொல்லை மட்டும் கேட்டு நாம் நிம்மதி அடைந்துவிடக் கூடாது. முன்பணம் கொடுத்து ஆள் வைத்திருக்கும் நம் சகோதரர்களுக்கும் இது பொருந்தும்.

இந்த முன்பணம் குழந்தைகள்வரை நீண்ட காலமும் உண்டு. இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003ல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகப் பிள்ளைகள் தறியில் உட்கார்ந்தார்கள். கடன் நின்றது, படிப்புப் போனது.

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. கடனுக்காக ஒருவரை வேறு வேலைக்குப் போகவிடாமல் கட்டி வைப்பது அச்சட்டப்படி குற்றம். அப்படிப்பட்ட கொத்தடிமைக் கடனைத் திருப்பித் தரும் பொறுப்பும் சட்டப்படி நீங்கிவிடுகிறது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவது கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் 1982ல் ஆசியாட் தொழிலாளர் வழக்கில் தீர்ப்பளித்தது. இத்தகைய நிலையில் இருப்பவர் கோட்டாட்சியரிடமோ மாவட்ட ஆட்சியரிடமோ மனுக் கொடுக்கலாம்.

முதல் வேலை: எல்லாவற்றையும் எழுதுங்கள்

திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் எது தெரியுமா? இரண்டாம் அத்தியாயத்தின் 282வது வசனம். அது கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. சிறிய தொகையானாலும் பெரிய தொகையானாலும் தவணையோடு எழுதச் சொல்கிறது, சாட்சி வைக்கச் சொல்கிறது. நம் வீடுகளில் மிக அதிகமாகக் கைவிடப்பட்ட கட்டளைகளில் இதுவும் ஒன்று. அண்ணன் தம்பிக்குள் எழுத்து எதற்கு என்று விட்டுவிட்டு, பிறகு அதே அண்ணன் தம்பி பேசாமல் போவதைப் பார்க்கிறோம்.

ஒரு நோட்டை எடுங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து உட்காருங்கள். சம்பாதிக்கும் பிள்ளை இருந்தால் அவரும் இருக்கட்டும். யாருக்குத் தர வேண்டும், அசல் எவ்வளவு, மாதம் எவ்வளவு போகிறது, என்ன ஈடு என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். நம் உதாரண வீட்டின் நோட்டு இப்படி இருக்கும்:

1. தறி முன்பணம்: 40,000 ரூபாய். கூலியில் குறைவது மாதம் 1,000.
2. வங்கி நகைக்கடன்: 60,000 ரூபாய். வருடத்துக்கு 9 சதவீதம் என்றால் மாதம் 450.
3. மகளிர் குழு வழியே வாங்கிய நிறுவனக் கடன்: பாக்கி 45,000 ரூபாய். வருடத்துக்கு 24 சதவீதம் என்றால் இப்போதைக்கு மாதம் 900.
4. தெருவில் வாங்கிய ஐந்து வட்டிக் கடன்: 20,000 ரூபாய். நூற்றுக்கு 5 ரூபாய் வீதம் மாதம் 1,000.
5. மச்சானிடம் வாங்கிய கைமாற்று: 15,000 ரூபாய். வட்டி இல்லை.

மொத்தம் 1,80,000 ரூபாய். எழுதிப் பார்த்தால்தான் ஒன்று விளங்கும். வட்டி வாங்கும் கடன்களில் மிகச் சிறியது 20,000 ரூபாய்தான். ஆனால் அதைப்போல் மூன்று மடங்கு பெரிய நகைக்கடனைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமாக அதுதான் தின்கிறது. ஐந்து வட்டி என்றால் காதுக்குச் சிறியதாக இருக்கிறது. வருடக் கணக்கில் அது 60 சதவீதம்.

கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில்தான் தொடங்கப்பட்டது. அத்திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். மேலே சொன்ன வீட்டில் அந்தத் தொகை முழுவதும் வட்டிக்காரர் கைக்குப் போகிறது. 20,000 ரூபாய் அப்படியே நிற்கிறது.

எழுத மறக்கும் ஆறாவது கடன்

பட்டியல் இன்னும் முடியவில்லை. வங்கியில் இருக்கும் அந்த நகை யாருடையது? பெரும்பாலும் மனைவியின் மஹராகவோ, அவருடைய தாய் வீட்டார் கொடுத்ததாகவோ இருக்கும். மார்க்கப்படி அது அவருடைய சொத்து. கணவருக்கு அதில் உரிமை இல்லை. மனைவி மனமுவந்து அன்பளிப்பாகத் தந்தால் வேறு. அவசரத்துக்கு வாங்கி அடகு வைத்தால், வங்கிக்கு ஒரு கடன், மனைவிக்கு ஒரு கடன் என்று இரண்டு கடன் ஆகிறது. பல வீடுகளில் முதல் கடன் மட்டும் நினைவில் இருக்கிறது. நகை ஏலத்துக்குப் போனால் இரண்டாவது கடன் பேச்சில்லாமல் அழிந்துவிடுகிறது.

மனைவியின் நகையை விற்றோ வைத்தோ செலவழித்திருந்தால் அதையும் நோட்டில் எழுதுங்கள். ரூபாயில் எழுதாதீர்கள், பவுன் கணக்கில் எழுதுங்கள். பொன்னைக் கடனாகப் பெற்றால் அதே எடையில் பொன்னைத் திருப்பித் தருவதே முறை. விலை ஏறிக்கொண்டிருக்கும் காலத்தில் ரூபாயில் எழுதினால் இழப்பு முழுவதும் அந்தப் பெண்ணுக்கே. இன்னும் கொடுக்கப்படாத மஹரும் கடன்தான். ஒருவர் இறந்தால் வாரிசுகள் சொத்தைப் பிரிப்பதற்கு முன்பே அவருடைய கடன்கள் தீர்க்கப்பட வேண்டும் என்று நான்காம் அத்தியாயத்தின் 11, 12ஆம் வசனங்கள் விதிக்கின்றன.

எந்தக் கடனை முதலில் அடைப்பது?

வழக்கமாக நாம் யார் அதிகமாகச் சத்தம் போடுகிறாரோ அவருக்கு முதலில் கொடுக்கிறோம். இது சரியான வரிசை அல்ல. எது அதிகமாகத் தின்கிறதோ அதை முதலில் முடிக்க வேண்டும். வட்டி வாங்குவது மட்டுமல்ல, கொடுப்பதும் பாவத்தில் பங்கு என்பதால் மார்க்க ரீதியாகவும் வட்டிக் கடனிலிருந்து வெளியேறுவதே முதல் கடமை.

ஐந்து வட்டிக் கடனுக்கு மாதம் 1,000 மட்டும் கட்டினால் ஆறு மாதத்தில் 6,000 ரூபாய் போயிருக்கும், 20,000 அப்படியே இருக்கும். அதோடு 3,000 சேர்த்து மாதம் 4,000 கட்டினால் ஆறாவது மாதத்தில் கடன் முடிந்துவிடும். வட்டியாகப் போவது ஏறக்குறைய 3,600 ரூபாய்தான். அசலைப் பகுதி பகுதியாக வாங்க மறுக்கும் வட்டிக்காரர்கள் உண்டு. அப்படியானால் அந்த 3,000 ரூபாயைத் தனியே சேர்த்து மொத்தமாக அடைக்க வேண்டும். கொடுக்கும் ஒவ்வொரு தொகைக்கும் கையெழுத்து வாங்குங்கள். கடன் முடிந்த அன்றே கொடுத்த புரோநோட்டையும் வெற்றுக் காசோலையையும் திரும்பப் பெறுங்கள்.

அது முடிந்ததும் கையில் மிஞ்சும் 4,000 ரூபாயைச் செலவில் கலந்துவிடாமல் அப்படியே முன்பணத்துக்குத் திருப்பினால் பத்து மாதத்தில் அதுவும் தீரும். அன்றிலிருந்து நல்ல கூலி தருபவரிடம் போகலாம், அல்லது இருக்கும் முதலாளியிடமே கூலி பேசலாம். அடுத்து நிறுவனக் கடனின் பாக்கி, பிறகு நகைக்கடன்.

மச்சான் கொடுத்த கைமாற்றுக்கு வட்டி இல்லை என்பதற்காக அவரைக் கடைசியில் தள்ளிவிட்டு மறைந்து திரியக் கூடாது. அவரை நேரில் பார்த்து, இந்த வரிசையைச் சொல்லி, எந்த மாதத்திலிருந்து எவ்வளவு தருவோம் என்று எழுதிக் கொடுங்கள். கையில் இருந்தும் தவணை கடத்துவது அநீதி என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். அவருக்கே அவசரம் வந்துவிட்டால் வரிசையை மாற்றத்தான் வேண்டும்.

இன்னொரு வழியும் உண்டு. அடகில் உள்ள நகையின் இன்றைய மதிப்பு கடனைவிட மிக அதிகமாக இருந்தால், வருடா வருடம் வட்டி கட்டித் திருப்பி வைப்பதைவிட, ஒரு பகுதியை விற்றுக் கடன்களை முடிப்பது லாபம். ஆனால் அந்த முடிவு நகைக்கு உரியவருடையது. அவரை வற்புறுத்தக் கூடாது.

மாதச் செலவை எந்த வருமானத்தில் போடுவது?

வருமானம் ஏறி இறங்கும் வீட்டில் நல்ல மாதத்தை வைத்துச் செலவுத் திட்டம் போட்டால் கெட்ட மாதத்தில் கடன் நிச்சயம். நல்ல மாதத்தில் 30,000, குறைந்த மாதத்தில் 24,000 வருகிறது என்றால், கட்டாயத் தவணைகளையும் சேர்த்து 24,000க்குள் வீடு நடக்க வேண்டும். நல்ல மாதத்து மிச்சம் 6,000ல் பாதி கடனுக்கு, பாதி மழைக்காலத்துக்கு.

கடன் இருக்கும்போது சேமிப்பு எதற்கு என்று கேட்கலாம். தை முதல் ஆனி வரை மாதம் 3,000 வைத்தால் 18,000 ரூபாய் இருக்கும். அது இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் மீண்டும் அதே ஐந்து வட்டிக்காரர் வாசலில்தான் நிற்க வேண்டி வரும். அடைத்த கடன் திரும்ப வராமல் காப்பது அந்தச் சேமிப்புதான்.

நம் வீடுகளுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ரமளானும் இரு பெருநாள்களும் ஆங்கில நாட்காட்டியில் வருடத்துக்குச் சுமார் 11 நாள் முன்னால் வந்துகொண்டே இருக்கும். எந்த வருடத்தில் பெருநாள் பள்ளிக் கட்டண மாதத்தோடு மோதும், எந்த வருடத்தில் மழையோடு மோதும் என்று முன்பே பார்த்து வைத்தால் புதுத்துணிக்காகக் கடன் வாங்கும் நிலை வராது.

குறைக்கக் கூடாத செலவுகளும் உண்டு. முதலாவது பிள்ளையின் படிப்பு. அடுத்தது மருந்து. பெரிய சிகிச்சை என்றால் கடனுக்கு ஓடுமுன் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அதில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய்வரை சிகிச்சை பெற வழியுண்டு. கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023ல் 300 யூனிட்டாக உயர்த்தப்பட்டது. கூட்டுறவுச் சங்க உறுப்பினர்களுக்குக் கூலியில் ஒரு பங்கைச் சேமிக்க, அரசும் ஒரு பங்கு சேர்க்கும் திட்டம் இருக்கிறது. உரியவர்கள் கேட்டுப் பெற வேண்டும்.

மிரட்டலுக்கு அஞ்ச வேண்டாம்

தமிழ்நாட்டில் 2003ல் வந்த அதீத வட்டித் தடைச் சட்டம் தினவட்டி, மணிவட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தடை செய்கிறது. மீறினால் மூன்றாண்டுவரை சிறை உண்டு. காவல் நிலையத்திலும் ஆட்சியர் அலுவலகத்திலும் புகார் தரலாம்.

குழுக்கடன் தரும் நிறுவனங்களுக்கும் 2022 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கியின் விதிகள் உள்ளன. வருட வருமானம் 3 லட்சம் ரூபாய்வரை உள்ள குடும்பத்துக்கு ஈடில்லாமல் தரும் கடன் நுண்கடன் எனப்படும். குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்காகத் தொல்லை தரக் கூடாது.

பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். தொலைபேசி எண் 15100.

ஜமாஅத் என்ன செய்யலாம்?

கடனாளி ஒருவரின் ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது, கடனை அடைக்க அவர் எதுவும் விட்டுச் செல்லவில்லை என்று அறிந்த நபி (ஸல்) அவர்கள் தாம் தொழவைக்காமல் தோழர்களிடம் விட்டார்கள். அபூ கதாதா (ரலி) அந்தக் கடனைத் தாம் ஏற்பதாகச் சொன்ன பிறகே தொழவைத்தார்கள் என்று புகாரியில் பதிவாகியுள்ளது. இதைக் கடனின் கடுமைக்குச் சான்றாக நாம் அடிக்கடி சொல்கிறோம். ஒருவர் முன்வந்து "நான் ஏற்கிறேன்" என்றதை அவ்வளவாகச் சொல்வதில்லை. ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரில் கடனாளியும் ஒருவர் என்று ஒன்பதாம் அத்தியாயத்தின் 60வது வசனம் கூறுகிறது. சிரமத்தில் உள்ள கடனாளிக்கு அவகாசம் கொடுக்க வேண்டும், விட்டுக்கொடுப்பது அதைவிட நல்லது என்று இரண்டாம் அத்தியாயத்தின் 280வது வசனம் வழிகாட்டுகிறது.

உத்தரப் பிரதேசத்தின் தேவ்பந்தில் 1961ல் தொடங்கிய முஸ்லிம் ஃபண்ட், சிறு சேமிப்புகளைத் திரட்டி நகை ஈட்டின் பேரில் வட்டியில்லாக் கடன் தரும் முறைக்கு முன்மாதிரியாக விளங்கியது. தமிழகத்திலும் சில ஊர்களின் பைத்துல்மால்கள் நகை ஈட்டுக்கு வட்டியில்லாக் கடன் தருகின்றன. இதற்குப் பெரும் மூலதனம் தேவையில்லை. 60 குடும்பங்கள் மாதம் 100 ரூபாய் போட்டால் மாதம் 6,000, வருடத்துக்கு 72,000 ரூபாய். முதல் வருடத்திலேயே மூன்று வீடுகளின் 20,000 ரூபாய் ஐந்து வட்டிக் கடனை அடைத்துவிடலாம். அவர்கள் மாதம் 2,000 வீதம் பத்து மாதத்தில் திருப்பித் தந்தால் அதே பணம் அடுத்த மூன்று வீடுகளுக்குப் போகும். வட்டிக்காரரிடம் கட்டியதைப் போல இரண்டு மடங்கை அந்த வீடு பைத்துல்மாலில் கட்டும், ஆனால் அத்தனையும் அசலுக்கே சேரும். பணம் கொடுக்கும்போது எழுத்தும், சாட்சியும், வருடாந்திரக் கணக்கு வாசிப்பும் கட்டாயம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நல்ல நிதியும் மனக்கசப்பில் முடியும்.

இன்று இரவு இஷாவுக்குப் பிறகு ஒரு மணி நேரம் ஒதுக்கி, குடும்பமாக உட்கார்ந்து அந்த நோட்டை எழுதத் தொடங்குங்கள். ஆறாவது வரியையும் மறக்காமல் எழுதுங்கள். எழுதி முடிக்கும்போது தொகை பெரிதாகத் தெரிந்து மனம் கலங்கலாம். ஆனால் வீட்டில் ஒருவர் மட்டும் தூக்கமில்லாமல் சுமந்த பாரத்தை அன்றிலிருந்து எல்லோரும் அறிந்திருப்பார்கள். வரிசைப்படி அடைக்கத் தொடங்கினால், இன்ஷா அல்லாஹ், ஒவ்வொரு பெயராக அந்த நோட்டில் அடித்துவிடலாம்.